நன்றிச் சோறு

இந்த மலாய் நாட்டில் ஆந்தைக்கு வீடு கட்டிக் கொடுக்கிறார்கள். ஊரில் இதை வாசிக்கிறவர்கள் நம்பமாட்டீர்கள். நானும் வந்த புதிதில் நம்பவில்லை. செர்டாங் டவுனைத் தாண்டி உள்ளே போகிற செம்மண் சாலையில், எண்ணெய்க்காக வளர்க்கிற எங்கள் செம்பனைத் தோட்டத்துக்குள்ளே, அங்கங்கே கம்பம் நட்டு உச்சியில் மரப்பெட்டி அடித்து வைத்திருக்கிறார்கள். பழக்குலையைக் கடிக்கிற எலிகளைப் பிடிப்பதற்காக நிர்வாகம் செய்திருக்கும் ஏற்பாடு அது. நான் புறாக்கூண்டு என்று நினைத்து அண்ணாந்து பார்த்தேன். உள்ளேயிருந்து வெள்ளையாக ஒரு முகம் என்னைப் பார்த்தது. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் கூரைமேல் ஆந்தை உட்கார்ந்தால் சும்மா விடமாட்டோம். கிறிஸ்தவர்களுக்குச் சகுனம் கிடையாது என்று கோயிலில் சொல்லுவோம், வீட்டுக்கு வந்ததும் கல்லைத் தேடுவோம். அன்றைக்கும் கை தானாகக் கல்லை எடுத்துவிட்டது. பின்னால் வந்த சரோஜா அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“அடிக்காத எஸ்தரு. கம்பெனி ஆந்த லா அது. மண்டோரு பாத்தா கத்துவாரு,” என்றார். மண்டோர் என்றால் இங்கே கங்காணி. பிறகு அந்தப் பெட்டியைப் பார்த்து, “ஆந்தைக்காகவும் ஸ்தோத்திரம் ஆண்டவரே,” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

சரோஜா அண்ணி என் கணவர் செல்வாவின் அக்கா. தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். புருஷன் இறந்த பிறகு எங்களோடுதான் இருக்கிறார். சரியாகச் சொன்னால் நாங்கள்தான் அவரோடு இருக்கிறோம், வீடு அவருடையது. எதற்கும் நன்றி சொல்லுகிற பெண். மழை வந்தால் நன்றி, துணி காய்ந்தால் நன்றி, பாசாரில் மீன் நன்றாக இருந்தால் நன்றி, கெட்டுப்போயிருந்தால் வாங்குவதற்கு முன்னால் தெரிந்ததே என்று நன்றி. ஆரம்பத்தில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது. நாங்கள் ஐந்து தலைமுறைக் கிறிஸ்தவர்கள், இவர்கள் நேற்று வந்தவர்கள் என்கிற மிதப்பு எனக்குள் உண்டு. ஆண்டவரை எங்களுக்குத் தெரியும், இவர்களுக்கு இனிமேல்தான் தெரியவேண்டும் என்று மனதுக்குள் ஒரு கணக்கு.

எங்கள் ஊரில் நன்றிக்கு ஒரு பருவம் உண்டு. அறுவடை முடிந்து அறுப்பின் பண்டிகை வரும். முதல் பூசணி, முதல் வாழைத்தார், கொண்டை சிவந்த சேவல் எல்லாவற்றையும் கோயிலுக்குக் கொண்டுபோய் ஏலம் விடுவோம். யார் என்ன படைத்தார்கள் என்று ஒலிபெருக்கியில் பெயரோடு சொல்லுவார்கள். அதற்குப் பிறகு அசனச் சாப்பாடு. அடுத்த வருஷம்வரை நன்றி என்கிற விஷயம் முடிந்தது. ஆனால் செம்பனைக்குப் பருவம் கிடையாது. வருஷம் முழுக்கக் குலை தள்ளும், வருஷம் முழுக்க வெட்டுவார்கள். அறுப்பு முடிகிற நாள் என்று ஒன்று இல்லாத இடத்தில் அறுப்பின் பண்டிகையை எந்த ஞாயிற்றுக்கிழமை வைப்பது? அதனாலோ என்னவோ இங்கே சபையில் ஒவ்வொரு ஞாயிறும் நன்றிதான். சபை கூடுவது பழைய ஆயாக் கொட்டகையில். ரப்பர் காலத்தில் பால்மரம் வெட்டப் போகிற தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போன கொட்டகை அது. தூளி கட்டிய கொக்கிகள் இன்னும் உத்தரத்தில் இருக்கின்றன, அதற்குக் கீழே நின்று சாட்சி சொல்லுவார்கள்.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அதை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஒருவருக்கு ஆண்டவரிடம் ஒரு காரியம் ஆகவேண்டுமானால், அது நடப்பதற்கு முன்னாலேயே நடந்துவிட்டது என்று எழுந்து நின்று நன்றி சொல்லிவிடுவார்கள். அன்றைக்கு அவர்கள் வீட்டுச் சமையல்தான் சபைக்கெல்லாம். பெரும்பாலும் சோறும் கோழிக்குழம்பும், கையில் இல்லாதவர்கள் பீகூன் என்கிற அரிசிச் சேமியாவைப் பிரட்டிக் கொண்டுவருவார்கள். அதற்கு நன்றிச் சோறு என்று பெயர். சாப்பிடுகிற ஒவ்வொருவரும் முதல் வாய் எடுக்கும்போது ‘ஆமென்’ சொல்லவேண்டும். அதோடு அந்தக் காரியம் ஆண்டவருடைய கையில். மறுபடியும் அதையே கேட்கக் கூடாது. வேறு வழி தேடுவது அதைவிட மோசம். போட்ட சோற்றை இலையிலிருந்து திரும்ப அள்ளுவது மாதிரி என்பார்கள்.

“முன்ன இந்துவா இருந்தப்ப கோயில்ல வேண்டிக்குவோம், நடந்தபெறகு செய்வோம். இது செஞ்சிட்டு காத்துக்கிட்டு இருக்கறது,” என்று அண்ணி எனக்கு விளக்கினார். “அவரு நம்மள நம்பி குடுக்கறாரு, நாம அவர நம்பி சாப்புடறோம். அவ்வளவுதான் லா.”

இந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்ததே அண்ணிதான். செல்வா சிறு பிள்ளையாக இருந்தபோது விஷக்காய்ச்சல் கண்டு நினைவில்லாமல் கிடந்தாராம். பிழைக்கமாட்டான் என்று லயத்து வீடுகளில் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அப்போது புதிதாக விசுவாசத்துக்கு வந்திருந்த அண்ணி, வீட்டிலிருந்த அரிசியை எல்லாம் கொட்டி வடித்து அக்கம்பக்கத்துக்குப் போட்டு, தம்பி பிழைத்துவிட்டான் என்று நன்றி சொல்லியிருக்கிறார். தம்பி பிழைத்தான். அந்தச் சோற்றைத் தின்றவர்கள்தான் முதல் சபை. பிழைத்த தம்பி இப்போது என் கணவர். இந்தச் சாட்சியை அண்ணி சொல்லி நான் கேட்காத மாதமே கிடையாது. ஒவ்வொரு முறையும் செல்வா தலையைக் குனிந்துகொள்ளுவார்.

அண்ணிக்கு நீண்ட நாளாக இனிப்பு நீர். ஊரில் நாம் சர்க்கரை வியாதி என்று சொல்லுவதை இங்கே இப்படிச் சொல்லுகிறார்கள். ஒரு நாள் அவருடைய செருப்பைக் கழுவ எடுத்தபோது, அடிப்பக்கம் குத்தி ஏறி உள்ளே நீட்டிக்கொண்டிருந்த செம்பனை முள்ளைப் பார்த்தேன். முனையில் இரத்தம் காய்ந்திருந்தது. எப்போது ஏறியது என்று கேட்டால், “எந்த முள்ளு?” என்றார். வலது காலின் பெருவிரலுக்குக் கீழே புண் இருந்தது. கொஞ்ச நாள் மஞ்சள் வைத்தார், மருந்தெண்ணெய் தடவினார். புண் ஆறவில்லை, ஆனால் அண்ணி நொண்டவும் இல்லை. அதுதான் அவரைச் சந்தோஷப்படுத்தியது. அடுத்த ஞாயிறு கோழி வாங்கச் சொன்னார்.

அன்றைக்கு அவர் சொன்ன சாட்சியைச் சபை மறக்காது. “இவ்வளவு பெரிய புண்ணு, ஆனா எனக்கு வலியே இல்ல. கர்த்தரு மொதல்ல வலிய எடுத்துட்டாரு, பெறகு புண்ண எடுப்பாரு. எடுத்துட்டாருன்னு நான் சொல்றேன்!” என்றார். கொட்டகை அதிர்ந்தது. நன்றிச் சோறு எல்லோருக்கும் போட்டார். நானும் ஆமென் சொல்லித்தான் சாப்பிட்டேன். சாப்பிடும்போது கோழிக்குழம்பு வாசத்துக்கும் மருந்தெண்ணெய் நெடிக்கும் அடியில் வேறொரு வாடை வந்தது. எங்கிருந்து வருகிறது என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன்பிறகு அந்த வாடை வீட்டில் குடியேறிவிட்டது. திரைச்சீலையைத் துவைத்தேன், பாயை வெயிலில் போட்டேன், பினாயில் ஊற்றிக் கழுவினேன். பக்கத்து வீட்டு நாய் அண்ணி போகிற இடமெல்லாம் மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு பின்னால் போனது. அண்ணி அதற்கும் பிரியமாகச் சோறு போட்டார். கட்டை அவிழ்த்துப் பார்க்கலாம் என்றால் விடமாட்டார். பார்ப்பதே சந்தேகம் என்பார். அது மழைக்காலம் வேறு. மத்தியானமே செம்பனைக்குள் இருட்டிவிடும், அந்த இருட்டு சாயங்காலம்வரை காத்திருக்காமல் வீட்டுக்குள் வந்துவிடும்.

ஒரு காலையில் பசியாறக் கூப்பிட அண்ணியின் அறைக்குப் போனேன். நன்றாக விடிந்திருந்தது. அண்ணி மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார், முகத்தில் அப்படி ஒரு அமைதி. கால்மாட்டில் விரிப்பு சிவப்பாக இருந்தது. துணிக்கட்டு கிழிந்து கிடந்தது. நான் வாசலில் நின்றதும் கட்டிலிலிருந்து ஒரு எலி குதித்து ஓடியது. கால் சுண்டுவிரலின் நுனி இல்லை. அண்ணியைத் தொட்டு எழுப்பினேன். கண்ணைத் திறந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்து, “நல்ல தூக்கத்துக்காக ஸ்தோத்திரம்,” என்றார்.

நான் கத்திவிட்டேன். செல்வா ஓடிவந்து பார்த்தார். அண்ணி காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, “ஏன் கத்தற? எலிதான? எனக்கு ஒன்னும் தெரியலையே. பாத்தியா, அதையும் வலிக்காம பாத்துக்கிட்டாரு,” என்றார். அந்த நிமிஷத்தில் எனக்கு அண்ணிமேல் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. வலியை எடுத்தது யார் என்பதில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பதில் இல்லை.

அந்த வாரம் என் விசாவைப் புதுப்பிக்க அலோர் ஸ்டாருக்குப் போகவேண்டியிருந்தது. என்னைப்போல இங்கே கல்யாணம் கட்டி வந்தவர்களுக்கு இந்தப் பயணம் தெரியும். புருஷன் கூட வந்து, இவள் என் மனைவிதான், இன்னும் என்னோடுதான் இருக்கிறாள் என்று கையெழுத்துப் போடவேண்டும். பெண்டாங் தாண்டும்போது இரு பக்கமும் நெல்வயல், தாமிரபரணிக் கரை மாதிரியே பச்சை. எப்போதும் அந்த இடத்தில் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டே வருவேன். அன்றைக்கு அதைப் பார்க்கக்கூட மனமில்லை. இங்கே காடி என்கிற காரில் செல்வாவிடம் கெஞ்சினேன், சண்டையும் போட்டேன். கால் அழுகிக்கொண்டிருக்கிறது, தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன்.

“அக்காகிட்ட நான் எப்படி சொல்லுவேன்?” என்றார் அவர். “நான் உசுரோட இருக்கறதே அந்தச் சோத்துனாலதான். இப்ப இந்தச் சோறு பொய்யின்னா அந்தச் சோறும் பொய்யாயிரும் எஸ்தர்.”

குடிநுழைவு அலுவலகக் கவுண்டரில் இருந்த மலாய்க்காரர் என் பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே, ‘பாலேக் பீலா?’ என்று கேட்டார். எப்போது திரும்பிப் போவீர்கள் என்று எனக்குப் புரிந்தது. இன்றைக்குச் சாயங்காலமே போய்விடுவோம், வீட்டில் அண்ணிக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்த மலாயில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். இந்தியாவுக்கு எப்போது போவீர்கள் என்றுதான் கேட்டாராம். செல்வா இடையில் புகுந்து சமாளித்தார். வெளியே வந்து படியில் உட்கார்ந்துதான் யோசித்தேன், வீடு என்றதும் எனக்கு நினைவில் வந்தது அந்த வாடையடிக்கிற வீடு.

அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் நான் எழுந்து நின்றேன். எங்கள் ஊர்க் கோயிலில் ஆராதனையின் நடுவே பெண்கள் எழுந்து பேசுகிற பழக்கமே கிடையாது. பாட்டுப் பாடுவோம், ஆமென் சொல்லுவோம், அவ்வளவுதான். முன்வரிசையில் அண்ணி திரும்பி ஆசையாக என்னைப் பார்த்தார், ஊர்க்காரப் பெண் கடைசியில் வாய் திறக்கப்போகிறாள் என்று. நான் சாட்சி சொல்லவில்லை, கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் செய்தேன்.

“ஆண்டவரே, எங்கள் அண்ணிக்குக் காலில் வலி இல்லை என்று உமக்கு நன்றி சொல்லிவிட்டோம். அறியாமல் சொல்லிவிட்டோம். அந்த வலியைத் திரும்பக் கொடும்.”

யாரும் ஆமென் சொல்லவில்லை. சொல்லமாட்டார்கள் என்று தெரிந்துதான் ஜெபித்தேன், ஆனாலும் அந்த அமைதியை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. கண்ணைத் திறந்தபோது கொட்டகையில் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்திலிருந்த பெண் தன் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பாஸ்டர் ஒரு பாட்டைத் தொடங்கினார், பாதியில் சுருதி போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி ஒன்றே ஒன்று கேட்டார். “எனக்கு சாபம் போட்டியா எஸ்தரு?” அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. நான் வைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டார், அதற்கும் ஆண்டவருக்குத்தான் நன்றி, எனக்கு இல்லை. காய்ச்சல் வந்து வந்து போனது. காலின் மேல்தோல் கருத்துக்கொண்டே கணுக்கால் பக்கம் ஏறியது. ஊருக்குப் போன் செய்து அப்பாவிடம் சொன்னேன். அப்பா, “நீ ஜெபிச்சது தப்பில்லட்டி. ஆனா அதுக்கு பதில் வரும்போது தாங்கிக்கிடுவியா?” என்றார். அப்பா இப்படித்தான், ஆறுதல் சொல்லத் தெரியாது.

வாரத்தின் நடுவில் பாஸ்டர் வந்தார். இங்கே சபை சிறியது, பாஸ்டரும் வேலைக்குப் போகிறவர். ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிப்போகிற லோரி ஓட்டுகிறார். அண்ணி போட்ட முதல் நன்றிச் சோற்றைச் சாப்பிட்ட பிள்ளைகளில் அவரும் ஒருவர். வாசலில் நின்று கொஞ்ச நேரம் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அந்த வாடை வருகிறது என்று தெரிந்தது. உள்ளே வந்து அண்ணியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“அக்கா, சொன்ன நன்றிய திரும்ப வாங்க வேணாம். ஆனா கிளினிக்குக்கு போய் காட்டுவோம். கர்த்தரு வலிய எடுத்தத மிஸ்ஸியும் பாக்கட்டும். அங்கயும் ஒங்க சாட்சிய சொல்லுங்க.”

அண்ணியின் முகம் மலர்ந்துவிட்டது. கிளினிக்கில் சாட்சி சொல்ல அவருக்கு யாரும் வழி காட்டியதில்லை. கிறிஸ்துமஸுக்குக் கட்டுகிற பட்டுச்சேலையை எடுக்கச் சொன்னார். பாஸ்டர் அதை மனதார நம்பிச் சொன்னாரா, அண்ணியைக் கிளப்புவதற்கு அது ஒன்றுதான் வழி என்று சொன்னாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

செர்டாங் கிளினிக்கில் மிஸ்ஸி ஒரு சின்ன வயசு மலாய்ப் பெண். மிஸ்ஸி என்றால் இங்கே நர்ஸ். கட்டை அவிழ்த்ததும் அந்தப் பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டாள், முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. ‘மச்சிக், சாக்கிட் தாக்?’ என்று கேட்டாள், அம்மா, வலிக்கிறதா என்று. அண்ணி அந்தக் கேள்விக்காகத்தான் பட்டுச்சேலை கட்டி வந்திருந்தார். “தாக் சாக்கிட், மிஸ்ஸி! துஹான் சூடா தோலோங்!” என்றார். வலியே இல்லை, ஆண்டவர் உதவி செய்துவிட்டார் என்று அர்த்தம். மிஸ்ஸி சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தார். மிஸ்ஸி எழுந்துபோய் ஒரு குச்சியை எடுத்துவந்தாள். அதன் முனையில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நூல் இருந்தது. கண்ணை மூடிக்கொள்ளுங்கள், நூல் காலில் படும்போதெல்லாம் சொல்லுங்கள் என்றாள்.

அண்ணி ஜெபத்துக்கு மூடுவது போலக் கண்ணை மூடினார். உதட்டில் சிரிப்பு. மிஸ்ஸி பெருவிரலில் நூலை வைத்து அழுத்தினாள், நூல் வளைந்தது. அண்ணி பேசவில்லை. புறங்காலில் வைத்தாள், உள்ளங்காலில் வைத்தாள். பாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மிஸ்ஸி குதிகாலில் நூலை அழுத்திக்கொண்டிருக்கும்போது, கண்ணைத் திறக்காமலே அண்ணி என்னிடம் கேட்டார். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் வார்த்தை.

“இன்னும் ஆரம்பிக்கலயா எஸ்தரு?”

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். கண்ணைத் திறந்து என்னையும் காலையும் நூலையும் பார்த்தார். விளக்கம் யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அன்றைக்கே ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். விஷம் மேலே ஏறுகிறது, முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று டாக்டர் சொன்னார். காகிதத்தில் அண்ணியே கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷனுக்குப் பிறகு அண்ணி நன்றி சொல்லுவதை நிறுத்திவிட்டார். கஞ்சி வந்தது, பேசாமல் குடித்தார். பக்கத்துக் கட்டில் அம்மாள் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார், பேசாமல் வாங்கிக்கொண்டார். ஆந்தைக்கு ஸ்தோத்திரம் சொன்ன பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சபையிலிருந்து வந்தவர்கள் என்ன சொல்லுவது என்று தெரியாமல் கால்மாட்டில் நின்றுவிட்டுப் போனார்கள். அவர்கள் போர்வையில் எந்த இடத்தைப் பார்க்கக் கூடாது என்று முயன்றார்களோ, அந்த இடத்தைத்தான் பார்த்தார்கள். எனக்கு அந்த மௌனம், வாடையைவிடப் பயமாக இருந்தது. காலை எடுத்ததில் அண்ணி பிழைத்துக்கொண்டார், ஆனால் விசுவாசம் பிழைக்குமா என்று தெரியவில்லை. என் ஜெபம்தான் இதைச் செய்ததோ என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு மத்தியானம், செல்வா காப்பி வாங்கப் போயிருந்தபோது, அண்ணி என் பக்கம் திரும்பினார்.

“தம்பிக்கு காய்ச்ச வந்தப்ப தோட்டத்துல ஒரு டிரெஸ்ஸர் இருந்தாரு எஸ்தரு. மருந்து குடுக்கறவரு, மலையாளத்து மனுஷன். நான் தம்பிய தோள்ல போட்டுக்கிட்டு அவரு ஊட்டுக்குத்தான் ஓடுனேன். ஊசி போட்டாரு. தெனம் வந்தாரு. நான் சோறு வடிச்சது நெசம். அந்தச் சோத்த அவரும்தான் சாப்ட்டாரு.”

“இதை நீங்க சொன்னதே இல்லையே அண்ணி.”

“மொதல்ல சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன். சொல்லச் சொல்ல சாட்சி பெருசாச்சு, அவரு சின்னவராயிட்டாரு. பெறகு காணாமப் போயிட்டாரு.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். “அவரு பேரே எனக்கு நெனவில்ல. ஆண்டவரு பேர ஒசத்தறதா நெனச்சி, அவரு அனுப்புன ஆள அழிச்சிட்டேன். ஆண்டவர தெரியும் தெரியும்னு சொன்னனே, எந்தக் கையால குடுத்தாருன்னு தெரியலையே எனக்கு.”

அழுதார். நானும் அழுதேன். பிறகு அந்தப் பெயர் மறந்த டிரெஸ்ஸருக்காக நன்றி சொன்னார். கிளினிக் மிஸ்ஸிக்காக, வாசலில் நின்று மூக்கைத் துடைத்த பாஸ்டருக்காக நன்றி சொன்னார். கடைசியில், “எனக்கு ஆகாத ஜெபத்த செஞ்சாளே, இவளுக்காகவும்,” என்றார். செல்வா காப்பியோடு கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அவர் உட்கார்ந்து அழுத சத்தத்தில் பக்கத்துக் கட்டில் அம்மாள் எழுந்துவிட்டார். ஐந்து தலைமுறையாக நாங்கள் சேர்த்து வைத்திருந்த தெய்வ அறிவு அந்த ஒரு மத்தியானத்துக்குக் காணாது. எங்கள் வீட்டிலும் ஒலிபெருக்கியில் சொல்லாமல் விட்ட பெயர்கள் எத்தனை இருக்கும் என்று அன்றுதான் முதன்முதலில் நினைத்தேன். வயலில் அறுத்தவர்களின் பெயரை அந்த ஒலிபெருக்கியில் நான் கேட்டதே இல்லை.

எடுத்த காலை என்ன செய்வது என்று ஆபரேஷன் நாளிலேயே கேட்டிருந்தார்கள். குடும்பத்தார் விரும்பினால் கொடுப்பார்கள். செல்வாவும் பாஸ்டரும் வாங்கிவந்து, தோட்டத்து இடுகாட்டில் அண்ணியின் புருஷன் கல்லறைக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். காலை அடக்கம் செய்ய ஜெபமுறை எந்தப் புத்தகத்திலும் இல்லை. பாஸ்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றாராம், ஒன்றும் சொல்ல வரவில்லையாம்.

வீட்டுக்கு வந்த பிறகு, ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அண்ணி அந்த இடத்தைப் பார்க்கவேண்டும் என்றார். அன்றைக்கு நன்றிச் சோறு கிடையாது. சாட்சி சொல்ல எழுந்த யாரும் எதையும் நடந்துவிட்டதாகச் சொல்லவில்லை, இனிமேல் சொல்லுவார்களா என்றும் தெரியவில்லை. சக்கர நாற்காலியைச் செம்மண்ணில் நான்தான் தள்ளிப்போனேன். சுற்றிலும் செம்பனை, மேலே மழைமேகம். புதிய மண்மேடு சிறியதாக, பச்சைப்பிள்ளையைப் புதைத்த இடம் மாதிரி இருந்தது. அண்ணி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது அங்கிருந்த மிஸ்ஸி அதே மாதிரி ஒரு நூலை இன்னொரு காலிலும் வைத்துப் பார்த்திருந்தாள். அதிலும் விரல்களை அண்ணியால் சொல்ல முடியவில்லை. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும், இன்னும் செல்வாவிடம் சொல்லவில்லை.

“இது வரைக்கும் நடந்ததுக்கு ஸ்தோத்திரம் ஆண்டவரே,” என்றார் அண்ணி. “பால்மரத்துக்கு கூட்டிட்டு போன காலு. தம்பிய தூக்கிட்டு ஓடுன காலு. நடந்த பெறகு சொல்றேன், கேட்டுக்கோங்க.” பிறகு மேட்டைச் சுற்றியுள்ள இடத்தைக் கண்ணால் அளந்தார். “மிச்சத்துக்கும் எடம் இருக்கு. நீ எங்க எஸ்தரு? இங்கியா, ஒங்க ஊருலியா?”

அம்மா கிடக்கிற கல்லறைத் தோட்டத்தில் எனக்கும் ஓர் இடம் இருக்கிறது. செல்வாவின் பக்கத்தில் இங்கேயும் இருக்கும். மழை தொடங்கியது, நாற்காலியைத் திருப்பினேன். அண்ணி சட்டென்று சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினார். முகம் சுருங்கியிருந்தது. அந்த முகத்தில் அப்படி ஒரு சுருக்கத்தை நான் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது.

“வலிக்குது,” என்றார். “நீ கேட்டியே. இப்பத்தான் வலிக்குது.”

“எங்க அண்ணி?”

அவர் முழங்காலைத் தொடவில்லை. கையை நீட்டி அந்த மண்மேட்டைக் காட்டினார். எனக்கு எங்கே வலிக்கிறது என்று யாராவது கேட்டால் நானும் அப்படித்தான், உடம்பைத் தொடாமல், கடல் தாண்டி ஊர் இருக்கிற பக்கம் கையை நீட்டவேண்டும்.